மஸ்தான் பாய் நோன்பு முறித்த திங்கட்கிழமை

ஓய்வு பெற்ற போலீஸ்காரன் வீட்டுக்குப் போன் வந்தால் இரண்டே காரணம்தான். யாராவது இறந்திருப்பார்கள், அல்லது யாருக்காவது சம்மன் வந்திருக்கும். போன வாரம் கவிதா அழைத்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். கவிதா எங்கள் பேச்சுவார்த்தைக் குழுவில் இப்போது இன்ஸ்பெக்டர். நான் சப் இன்ஸ்பெக்டராகவே வெளியே வந்தவன். ஆனாலும் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவாள்.

"சார், புது ஆளுங்களுக்கு கிளாஸ் எடுக்கிறேன். கட்டாயத் தூக்குச் சட்டம் போயிடுச்சு, இனிமே நீதிபதி பார்த்து முடிவு பண்ணலாம்னு சொல்லிக் குடுத்தா, அதனால கதவுக்கு வெளிய நிக்கிற நமக்கு என்ன லாபம்னு கேக்கிறாங்க. உங்க மாசாய் கேஸை எழுதிக் குடுங்களேன்."

"வந்து சொல்லட்டுமா?"

"அலமாக், வேணாம் சார். நீங்க ஆரம்பிச்சா லஞ்ச் டைம் தாண்டிடும். எழுதுங்க போதும் லா."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முப்பது வருஷம் அடுத்தவர்களைச் சமாதானம் பேசிக் கீழே இறக்கிய மனுஷன், வீட்டில் ஒரு தடவையாவது பேசி ஜெயித்ததுண்டா என்று அவளுக்குத் தீராத சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.

எங்கள் வேலை இதுதான். ஒருவன் இன்னொருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, "இதைச் செய், இல்லாவிட்டால் இவரை வெட்டுவேன்" என்கிறான். அதிரடிப் படை துப்பாக்கியோடு ஒரு பக்கம் தயாராக நிற்கும். அவர்களுக்கு வேலை வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. பயிற்சியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கோலாலம்பூரில் சில வாரங்கள், ஒருவர் திருடனாக நடிக்க ஒருவர் போலீஸாக நடித்தோம். நான் திருடனாக நன்றாக நடித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

உண்மையான பாடம் துவான் ரோஸ்லியிடம்தான். எங்கள் டிஎஸ்பி; துவான் என்றால் மலாயில் ஐயா. ஒல்லியான மனிதர், குரலே உயராது. சம்பவ இடத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எங்களுக்கு அவசரம் என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியக் கூடாதாம். வாயில் ஒரு உப்புப் பிளம் ஊறிக்கொண்டே இருக்கும். சுவரில் மாஜோங் காகிதம் என்கிற மேசை அகல வெள்ளைத் தாளை ஒட்டி, உள்ளே இருப்பவன் சொன்னது, நாங்கள் சொன்னது, நேரம், எல்லாவற்றையும் நீல மார்க்கரில் ஒரு சார்ஜன் எழுத வேண்டும். இருமினால்கூட எழுத வேண்டும். அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "ஜாங்ஙான் திப்பு." ஏமாற்றாதே. உள்ளே இருப்பவன் எப்பேர்ப்பட்ட அயோக்கியனாக இருந்தாலும் சரி, அவனிடம் பொய் சொல்லக் கூடாது.

நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன். பொந்தியான் பக்கம் ஒரு பலகை ஆலைக் குடியிருப்பு. கோபித்துக்கொண்டு போன மனைவி திரும்பி வராவிட்டால் மச்சானை வெட்டுவேன் என்று ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டான். பசி எனக்கு. "உன் பொண்டாட்டி கீழ வந்து நிக்குது, வாய்யா" என்று அளந்துவிட்டேன். அவனும் வந்துவிட்டான். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். துவான் மட்டும் தட்டவில்லை. சில மாதம் கழித்து வேறு ஊர், வேறு கதவு. உள்ளே இருந்தவன் என் குரலைக் கேட்டதும், "எங்க சித்தப்பாகிட்ட பொண்டாட்டி வந்துருச்சுன்னு புளுகின போலீஸ் நீதானே?" என்றான். ஜொகூர் மாநிலத்தில் அப்போது தமிழ் பேசும் குழுக்காரன் நான் ஒருத்தன்தான், குரலை எங்கே மாற்றுவது? அன்று முழுப் பகலும் கதவைப் பார்த்து நின்றேன். அதற்கப்புறம் எந்தக் கதவுக்கு வெளியேயும் பொய் சொன்னதில்லை.

சிரிப்பான கேஸும் உண்டு. ஆயர் ஈத்தாமில் ஒரு பானைக் கடை. பங்காளியைக் கத்தியோடு மடக்கி வைத்திருந்தான் ஒருவன். வரிசை வரிசையாக ஜாடிகளுக்கு நடுவே நாங்கள் தவழ்ந்து போனபோது எங்கள் சார்ஜனின் பின்பக்கம் பட்டு ஆளுயர ஜாடி ஒன்று விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்தவன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்து எங்களைத் திட்டினான். "பார்த்து வர மாட்டீங்களா? ஏற்றுமதி சாமான்!" அப்படியே கையைப் பிடித்துக்கொண்டோம்.

இனி மாசாய் ஊர்க் கேஸ்.

பாசிர் கூடாங் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிடும் ஒரு கடை. முதலாளி மஸ்தான் பாய், ராமநாதபுரம் பக்கத்துப் பூர்வீகம், அறுபதைத் தாண்டியவர், நீரிழிவுக்காரர். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு கெட்ட பழக்கம். ஊரிலிருந்து வேலைக்கு வருகிற ஆட்களின் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் வீட்டு இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார். கேட்டால், "பத்திரமா இருக்கட்டும்னுதான்" என்பார். அது சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும் அந்த வட்டாரத்தில் பல முதலாளிகள் செய்கிற காரியம்.

அவரிடம் ரொட்டி வீசுகிறவன் வேல்முருகன், பரமக்குடிப் பக்கம். அவனுக்குப் பதினோரு நாளில் கல்யாணம், அதுவும் சொந்த மாமன் மகளோடு. லீவு தருவதாகச் சொல்லியிருந்த பாய், இன்னொரு ரொட்டிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனதும் கையை விரித்துவிட்டார். "அடுத்த முகூர்த்தம் பார்க்கச் சொல்லுடா" என்றாராம். மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது?

ஒரு திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, மாடியில் சரக்கு அறையில் மாவு மூட்டை எண்ணிக்கொண்டிருந்த பாயோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டான் வேல்முருகன். கையில் இறைச்சிக் கத்தி. பாஸ்போர்ட் வர வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி கழுத்து போய்விடும் என்று மாடியிலிருந்து கத்தினான்.

நாங்கள் போனபோது மணி மூன்று இருக்கும். படிக்கட்டின் மேல்படியில் நான், எனக்குப் பின்னால் துவான், சுவரில் மாஜோங் காகிதம். பேரைச் சொன்னேன், ஊரைக் கேட்டேன், பெண் பேரைக் கேட்டேன். செல்வி என்றான். அந்தப் பேரைச் சொல்லும்போதே அழுதான். இவன் வெட்டுகிற ஜாதி இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பயந்தவன் கையில் இருக்கும் கத்தி கோபக்காரன் கத்தியைவிட மோசம்.

அப்போதுதான் கீழேயிருந்து கடையில் பரிமாறும் கனி ஒரு உபகாரம் செய்தான். கையடக்கப் பேசியில் சட்டத்தைத் தேடிப் பிடித்து, வேல்முருகனுக்குப் போன் போட்டு, "டேய், பிடிச்சு வச்சிருக்கிற ஆளு செத்தா கட்டாயம் தூக்காம்டா" என்று படித்துக் காட்டிவிட்டான்.

கதவுக்குப் பின்னால் குரல் அப்படியே மாறிப்போனது. "சார், தூக்கா சார்?"

துவானைத் திரும்பிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். உள்ளதைச் சொல்.

"ஆமா தம்பி. அவர் செத்தா தூக்கு. நீதிபதியே பாவம்னு நெனச்சாலும் வேற தண்டனை குடுக்க முடியாது. அவர் உயிரோட வந்தா தூக்கு இல்ல. ஜெயில் உண்டு, கயிறு இல்ல."

"நான் அவரைத் தொடவே இல்ல சார். ஆனா இவருக்கு என்னமோ ஆவுது. வேர்த்துக் கொட்டுது. என்னைப் பார்த்து 'நாலாம் நம்பர் டேபிளுக்கு ரெண்டு தோசை'ங்கிறார்!"

கீழே இருந்த பாயின் மகனைக் கேட்டதும்தான் விஷயம் வெளிவந்தது. பாய் திங்களும் வியாழனும் சுன்னத்து நோன்பு, அதாவது கட்டாயமில்லாத நோன்பு, பிடிப்பவர். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்பதில்லை. விடிகாலை சஹர் சாப்பாட்டோடு சர்க்கரை மாத்திரையை வேறு போட்டிருக்கிறார். ஆம்புலன்ஸில் வந்த பெண், சர்க்கரை இறங்கிக்கொண்டே போகிறது, இனிப்பாக ஏதாவது உள்ளே போகாவிட்டால் நினைவு தப்பும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றாள். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

கதவைத் திறந்து வைத்தியரை விடு என்று கெஞ்சினேன். திறந்தால் சுட்டுவிடுவார்கள், மாட்டேன் என்றான். அதிரடிப் படைத் தலைவர் கதவை உடைக்கலாமா என்று துவானிடம் கேட்டார். "சபார்," பொறு, என்றார் துவான். உடைக்கிற சத்தத்தில் கத்தி எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

சரக்கு அறையில் என்ன இருக்கிறது என்று பாயின் மகனைக் கேட்டேன். மாவு, நெய், சீனி, டின் பால் என்றான். அட! மருந்து முழுக்க உள்ளேதான் இருக்கிறது!

"தம்பி, பக்கத்துல சீனி இருக்கா? அவருக்கு வாயில போடு."

"போட்டேன் சார், துப்பிட்டாரு! நோன்புங்கிறார்! மொதலாளி, சாப்பிடுங்க மொதலாளி!"

உள்ளேயிருந்து பாயின் குரல், குழறிக்கொண்டே, "பாங்கு சொல்லட்டும்டா."

அந்த நேரத்திலும் எங்கள் சார்ஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தி வைத்திருப்பவன் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறான், கழுத்தைக் கொடுத்தவர் முடியாது என்கிறார். பக்கத்தில் இருந்த சூராவ், அதாவது சின்னப் பள்ளிவாசல், இமாமைக் கூட்டி வந்தோம். அவர் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்து, "ஹாஜி, சுன்னத்து நோன்புதானே, முறிச்சா குத்தமில்ல. உயிரைக் காப்பாத்துறது கடமை" என்றார்.

"என் உடம்பு எனக்குத் தெரியும், இமாம் சாப். முப்பது வருஷமா ஒரு திங்கக்கிழமை விட்டதில்ல."

இமாம் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "சூராவுக்குத் தர்ற கடை வாடகை விஷயத்துலயும் இப்படித்தான்" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்தக் கிழவர் பிடிவாதத்தில் போய்ச் சேர்ந்தால், கதவுக்கு அந்தப் பக்கம் அழுகிற பையன் கயிற்றில் தொங்குவான். கொல்லவில்லை, சீனி ஊட்டப் பார்த்தான் என்று நான் கூண்டில் ஏறி எவ்வளவு கத்தினாலும், பிடித்து வைத்ததால் மரணம் என்று ஆகிவிட்டால் சட்டத்துக்கு அன்றைக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஒரே நாளில் இரண்டு சாவு. அதில் ஒன்றை நான்தான் தடுக்க வேண்டும். அதற்கு வாயைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

ஆனால் பேசியது வேல்முருகன்தான். உரக்க இல்லை. கதவில் காதை ஒட்டி வைத்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"மொதலாளி, உங்களுக்காக வேணாம். எனக்காகச் சாப்பிடுங்க. நீங்க போனா என்னைத் தூக்குல போட்டுருவாங்க. என் உசுருக்காக ஒரு வாய்."

நான் இமாமைப் பார்க்கிறேன், இமாம் மேலே பார்க்கிறார்.

"அடப்பாவி," என்றார் பாய். "அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? மூணாவது தட்டுல டின் பால் இருக்கு. பழைய ஸ்டாக்கா பார்த்து எடு."

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, டின்னைத் திறக்க அவனிடம் இருந்தது அந்தக் கத்தி ஒன்றுதான். டின்னில் கத்தி குத்துகிற சத்தம் டக்கு டக்கென்று கேட்டது. அதிரடிப் படைத் தலைவர் கண்ணில் மின்னல். கத்தி கழுத்தில் இல்லை, இப்போது பாயலாம். துவான் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். அந்தக் கையை நான் இன்றும் கும்பிடுகிறேன். "அவன் மருந்து குடுக்கிறான். முடிக்கட்டும்," என்றார் மலாயில். சார்ஜன் அதையும் எழுதினான்: நான்கு நாற்பது, சந்தேக நபர் டின் பால் திறக்கிறார்.

கால் மணி நேரத்தில் பாயின் குரல் தெளிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்றால், தரையில் பாலைச் சிந்தியதற்காக அவனைத் திட்ட ஆரம்பித்தார்.

இதற்குள் பாயின் மகன் வீட்டிலிருந்து பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து துவானிடம் கொடுத்தான். அதை வேல்முருகனிடம் சொன்னேன். உள்ளே இருந்து ஒரு பெருமூச்சு. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"சார், இப்ப வெளிய வந்தா நான் கல்யாணத்துக்குப் போயிருவேனா?"

படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். போவாய் என்ற ஒரு சொல் போதும், தாழ்ப்பாள் விழுந்துவிடும். இவனுக்குப் பரமக்குடியைத் தவிர வேறு ஊரில்லை, இன்னொரு கதவுக்குப் பின்னால் என்னை அடையாளம் காட்ட எந்த அண்ணன் மகனும் வரப்போவதில்லை. துவான் என்னைப் பார்க்கவில்லை. பிளம் கொட்டையைத் துப்பிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார்.

"போக மாட்டே தம்பி," என்றேன். "அன்னைக்கு நீ லாக்கப்புல இருப்பே. அதை மாத்த என்னால முடியாது."

அதையும் சார்ஜன் நீல மார்க்கரில் எழுதினான்.

"அப்ப எப்பத்தான் சார் ஊருக்குப் போவேன்?"

"தெரியல. போறப்ப உயிரோட போவே. அது மட்டும் தெரியும்."

தாழ்ப்பாள் விழுந்தது. கத்தியைப் பிடி என் பக்கம் வருமாறு நீட்டினான். பிடியெல்லாம் பிசுபிசு என்று பால். அவனுக்குப் பின்னால் பாய், மாவு மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அடிக்காதீங்க, அடிக்காதீங்க," என்று கத்தினார். யாரும் அடிக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம். விசாரணை அதிகாரி கேட்டார்: "உயிருக்கு ஆபத்துன்னு பயந்தீங்களா?"

"நானா? நான் செத்துருவேனோன்னு அவன்தான் பயந்துக்கிட்டு இருந்தான். அப்படியே எழுதுங்க," என்றார் பாய். "பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்சது என் தப்பு. அதையும் எழுதுங்க."

எழுதினார்கள். அதற்காகப் பாய்க்கும் அபராதம் விழுந்தது, முணுமுணுக்காமல் கட்டினார். அரசு வழக்கறிஞர் எங்கள் மாஜோங் காகிதங்களைத் தரையில் விரித்து வைத்து உட்கார்ந்து படித்தாராம். பிணைக்கைதியாகப் பிடித்த குற்றத்தை எடுத்துவிட்டு, மிரட்டல், அடைத்து வைத்தல் என்று சின்னக் குற்றமாக்கினார். மூன்று வருஷம் தண்டனை. நன்னடத்தை கழித்து இரண்டு.

கவிதாவின் புது ஆட்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். இப்போது பிணைக்கைதி இறந்தாலும், தூக்கா நீண்ட சிறையா என்று நீதிபதி கேட்டுப் பார்த்துத் தீர்மானிக்கலாம். பணம் கேட்டு ஆளைக் கடத்தி, யாரும் சாகாமல் விட்டிருந்தால், தூக்கு என்பதே நீக்கப்பட்டுவிட்டது. நல்லதாகப் போயிற்று. ஆளை விட்டாலும் கயிறு வரலாம், கொன்றாலும் கயிறு என்றிருந்த காலத்தில், கடத்தினவனிடம் "விட்டுடுப்பா" என்று எந்த முகத்தோடு சொல்வது? பாய் அன்று கண்ணை மூடியிருந்தால், அதற்கப்புறம் அந்தக் கதவைப் பார்த்துப் பேச என்னிடம் ஒரு வார்த்தை மிச்சம் இருந்திருக்காது. இப்போது உங்களுக்கு இருக்கிறது. தைரியமாகப் பேசுங்கள்.

முகூர்த்த நாளன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சரோஜா தட்டை எடுத்துப் போனாள். பாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் வைத்துவிட்டார். மறுபடி போட்டார், மறுபடி வைத்துவிட்டார். இதற்கிடையே நானும் ஓய்வு பெற்றேன்.

தண்டனை முடிந்து ஊருக்கு அனுப்பப்படுகிறவர்களை வைக்கும் முகாம் எங்கள் ஊரான பெக்கான் நானாஸில்தான் இருக்கிறது. வேல்முருகன் வந்திருக்கிறான் என்று பாய் சொன்னதும், நல்ல சட்டை இரண்டு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். இளைத்திருந்தான். அவன் அவ்வளவு பாடுபட்டுக் கேட்ட பாஸ்போர்ட் சிறையில் இருந்த காலத்திலேயே காலாவதியாகிவிட்டது. தூதரகம் கொடுத்த ஒற்றைத் தாளில்தான் போகிறான். "இதுக்குத்தான் சார் அவ்வளவு ரகளை," என்று சிரித்தான். செல்வியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயம், அதுதான் உண்மை.

அப்போது என் போன் அடித்தது. இந்தியா நம்பர்.

"தங்கராஜு சாரா? பாய் நம்பர் குடுத்தாங்க. நான் செல்வி பேசுறேன்."

எழுந்து நின்றுவிட்டேன். "ம்மா, அவன் இங்கதான் இருக்கான், குடுக்கவா?"

"அவர் வந்ததும் பேசிக்கிறேன், விடுங்க சார். எனக்கு உங்ககிட்டதான் கேக்கணும். போன தடவை அடிச்ச பத்திரிகை அப்படியே கட்டுக் கட்டாக் கெடக்கு. திரும்பப் பத்திரிகை அடிக்கணும்னா, வந்துருவான்னு போலீஸ்காரர் வாயால கேட்டாத்தான் அடிப்பேன்னு எங்கப்பா நிக்கிறாரு. இந்தா பக்கத்துலதான் இருக்காரு. என்ன சொல்லட்டும்?"

எதிரே வேல்முருகன் யார் சார், யார் சார் என்று கையால் கேட்டான். மேசைமேல் கிடந்த விமானச் சீட்டை என் பக்கம் திருப்பினேன். வியாழக்கிழமை, காலை. பேரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

"அடிக்கச் சொல்லும்மா," என்றேன்.